கேள்வி பதில்: கல்லூரிக் கணக்குப் பாடத்தை ஆன்லைனில் எடுக்கலாமா?

கேள்வி: முதலாண்டு நுண்கணிதத்தை வகுப்பறையிலோ ஆன்லைனிலோ படிக்கலாம் என்கிறது எங்கள் கல்லூரி. எதை எடுப்பது?

பதில்: சேருவதற்கு முன்னால் பாடம் நடத்துபவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: நான் எழுதும் படிகளை யாராவது வாசித்துத் திருத்துவார்களா? எங்களைப் பொறுத்தவரை முடிவு பெரும்பாலும் இந்தப் பதிலில்தான் இருக்கிறது. வீடியோவின் தரமெல்லாம் அதற்குப் பிறகு.

பல ஆன்லைன் பாடங்களில் வீட்டுக்கணக்கைத் திருத்துவது கணினி. கடைசி விடையை மட்டும் பார்த்துச் சரி, தவறு என்று சொல்லிவிடும். சைன் 2எக்ஸ் = காஸ் எக்ஸ் என்ற சமன்பாட்டுக்கு 0 முதல் 360 பாகைக்குள் தீர்வு காணச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். இடப்பக்கத்தை 2 சைன் எக்ஸ் காஸ் எக்ஸ் என்று விரித்து, இருபுறமும் காஸ் எக்ஸால் வகுத்தால் சைன் எக்ஸ் = 1/2. விடை 30, 150 பாகை. கணினி 'தவறு' என்கிறது. நீங்கள் பெருக்கலையும் வகுத்தலையும் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பீர்கள். அங்கே பிழை இருக்காது. ஆசிரியர் என்றால், வகுத்த அந்த ஒரு வரியைச் சுழித்து, 'காஸ் எக்ஸ் பூச்சியமானால்?' என்று பக்கத்தில் எழுதியிருப்பார். தொலைந்துபோன 90, 270 இரண்டும் அந்த வரியில்தான் தொலைந்தன. வகுக்காமல் காஸ் எக்ஸைப் பொதுக்காரணியாக வெளியே எடுத்திருந்தால் நான்கு தீர்வும் கிடைத்திருக்கும்.

எனவே, வாரம் ஒரு கையெழுத்து அசைன்மென்டாவது திருத்தப்பட்டு, அடுத்த பாடம் தொடங்கும் முன் திரும்பி வருமானால் தயங்காமல் ஆன்லைனில் சேருங்கள். சந்தேகம் கேட்க நேரலை நேரம் உண்டா, அது உங்களுக்கு ஓய்வான வேளையில் வருகிறதா என்றும் பாருங்கள். இவை எதுவும் இல்லையென்றால் வகுப்பறையே நல்லது.

கேள்வி: தனியாகப் படித்துச் சமாளிக்கும் அளவுக்கு அடிப்படை இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நுண்கணிதத்தில் திணறும் பலரைக் கவிழ்ப்பது பழைய இயற்கணிதம். கால்குலேட்டர் இல்லாமல் இந்த மூன்றையும் 15 நிமிடத்தில் போட்டுப் பாருங்கள்.

ஒன்று: 1/(எக்ஸ் + ஹெச்) − 1/எக்ஸ். இதை ஹெச்சால் வகுத்துச் சுருக்க வேண்டும். விடை −1/(எக்ஸ்(எக்ஸ் + ஹெச்)). வகைக்கெழுவின் வரையறையில் முதல் வாரமே இது வந்து நிற்கும்.

இரண்டு: √(எக்ஸ் + 3) = எக்ஸ் − 3. விடை 6 மட்டும். 1 என்றும் சேர்த்து எழுதினால், வர்க்கப்படுத்திய பின் மூலச் சமன்பாட்டில் இட்டுச் சரிபார்க்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

மூன்று: உயரம் 12, மேல்விளிம்பின் ஆரம் 4 உள்ள கூம்பு, கூர்முனை கீழே. அதில் ஹெச் ஆழத்துக்குத் தண்ணீர். தண்ணீரின் கன அளவை ஹெச்சை மட்டும் வைத்து எழுத வேண்டும். நீர்ப்பரப்பின் ஆரம் ஹெச்/3. ஆகவே விடை பை ஹெச்³/27.

மூன்றும் வந்தால் ஆன்லைன் உங்களுக்கு எட்டாததல்ல. ஒன்று தவறினால் சேரும் முன் இரண்டு மூன்று வாரம் இயற்கணிதத்துக்கு ஒதுக்குங்கள். இரண்டு தவறினால், பக்கத்தில் ஆசிரியர் இருக்கும் வகுப்பைத்தான் சொல்வோம்.

கேள்வி: விடுமுறையில் ஆறே வாரத்தில் முடிக்கும் ஆன்லைன் பாடம் இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். நான்கு கிரெடிட் பாடத்துக்கு வாரம் 4 மணி நேர வகுப்பு, 8 மணி நேர வீட்டுவேலை என்பது வழக்கமான கணக்கு. 15 வாரத்துக்கு 180 மணி. அதை ஆறு வாரத்தில் அடக்கினால் வாரம் 30 மணி. நுண்கணிதத்தின் இரண்டாம் பகுதியில் இன்னும் சிரமம்: முடிவிலித் தொடர்கள் பெரும்பாலும் கடைசியில் வரும், களைத்துப்போன நேரத்தில் சில நாட்களில் ஓடிவிடும். முழு செமஸ்டர் ஆன்லைன் பாடம் கிடைத்தால் அதை எடுங்கள்.

கேள்வி: எந்தப் பாடங்கள் ஆன்லைனுக்கு ஒத்துவரும்?

பதில்: புள்ளியியல் நன்றாக ஒத்துவரும், தரவும் மென்பொருளும் எப்படியும் கணினியில்தான் இருக்கின்றன. நேரியல் இயற்கணிதத்தின் தொடக்கப் பாடமும் அப்படியே: கிடைத்த தீர்வைச் சமன்பாட்டில் திரும்ப இட்டு நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். மெய்ப் பகுப்பாய்வு, நுண்புல இயற்கணிதம் போன்ற நிரூபணப் பாடங்களை, வேறு வழி இருந்தால், ஆன்லைனில் எடுக்காதீர்கள். ஒரே தேற்றத்துக்குச் சரியான நிரூபணம் பல விதமாக இருக்கலாம். தவறானதும் சரியானது போலவே தோன்றும். அதைப் பிரித்துக் காட்ட ஒரு மனிதர் வேண்டும்.

கேள்வி: இலவச இணையப் பாடங்களை முடித்தால் கல்லூரி ஏற்குமா?

பதில்: பொதுவாக ஏற்காது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இலவசமாக வைத்திருக்கும் ஓப்பன்கோர்ஸ்வேர் தளம் கிரெடிட்டோ சான்றிதழோ தருவதில்லை. ஆனால் ஒற்றை மாறி நுண்கணிதத்தின் விரிவுரைகள், பயிற்சிகள், தேர்வுத்தாள்கள், விடைகள் எல்லாம் அங்கே உண்டு. இரண்டு வாரம் அதைப் படித்து, ஒரு தேர்வுத்தாளை நேரம் வைத்து எழுதுங்கள். ஆன்லைன் படிப்பு உங்களுக்குச் சரிவருமா என்பது செலவில்லாமல் தெரிந்துவிடும்.

வேறு கல்லூரியின் ஆன்லைன் பாடத்தை எடுப்பதானால், கட்டணம் கட்டும் முன்பே அதன் முழுப் பாடத்திட்டத்தை உங்கள் துறைக்கு அனுப்பி, ஏற்போம் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்மொழி உறுதி போதாது. இறுதித் தேர்வு கண்காணிப்பில் நடக்கிறதா என்றும் துறை கேட்கலாம்.

கேள்வி: ஆன்லைன் தேர்வில் கணக்குக்கென்று என்ன சிக்கல் வரும்?

பதில்: தட்டச்சில் அடைப்புக்குறி முக்கியம். 1/2எக்ஸ் என்று அடித்தால் சில மென்பொருள் பாதி எக்ஸ் என்று எடுத்துக்கொள்ளும். 1/(2எக்ஸ்) என்று அடியுங்கள். கால்குலேட்டரை ரேடியனில் வையுங்கள். சைனின் வகைக்கெழு காஸ் என்பது ரேடியனில் மட்டுமே உண்மை. கையால் எழுதியதை ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் கோப்பாக ஏற்றச் சொன்னால், முந்தின நாளே பத்துப் பக்கத்தை வைத்து ஒருமுறை செய்து பாருங்கள். தேர்வு நேரத்தில் ஃபோனைத் தொடக்கூடாது என்று விதி இருந்து, ஸ்கேன் செய்ய ஃபோன்தான் வேண்டுமென்றால், எப்போது எடுக்கலாம் என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.