அம்மா ஆமை திரும்பி வராத கதை

கேள்வி: குளச்சல் அருகே ஒரு கடற்கரைக் கிராமத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பங்குனி ஆமை பற்றி ஒரு படக்கதை எழுதினேன். முட்டையிட்டுப் போன அம்மா ஆமை, குஞ்சுகளைத் தேடிக் கரைக்கு வந்து, அழுதுகொண்டே அவற்றைக் கடலுக்குள் அழைத்துப் போகிறது. கடல் தொழில் செய்த என் மாமனாரிடம் வாசித்துக் காட்டினேன். "அது திரும்பியே பார்க்காது மக்களே" என்று சிரித்தார். உண்மையை எழுதினால் பாடப்புத்தகம் போல ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்? ஆமை பேசலாமா? எத்தனை பக்கம் எழுத வேண்டும்?

பதில்: உங்கள் மாமனார் சிரித்த இடத்தில்தான் கதை இருக்கிறது. அம்மா வந்து கூட்டிப்போனால் குஞ்சுகளுக்குச் செய்ய எதுவும் மிச்சமில்லை. அவள் வரவே மாட்டாள் என்றால் உடனே ஒரு கேள்வி எழுகிறது: ஏறக்குறைய நூறு குஞ்சுகள், நல்ல இருட்டு, கடல் எந்தப் பக்கம் என்று யார் சொல்வார்கள்? எட்டு வயதுப் பிள்ளை அடுத்த பக்கத்தைப் புரட்ட இது போதும்.

நடப்பதை அப்படியே வரிசையாக வைத்துப் பாருங்கள். ஆமை ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டி, நூறு முட்டை அளவுக்கு இடுகிறது. மணலை மூடி, தன் உடம்பாலேயே தட்டித் தட்டி இறுக்கிவிட்டுக் கடலுக்குப் போய்விடுகிறது. 45 முதல் 60 நாள் வரை அந்தக் குழியை மணலின் சூடுதான் பார்த்துக்கொள்கிறது. சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம், குறைந்தால் ஆண் குஞ்சுகள் அதிகம். முதலில் பொரிந்த குஞ்சு தனியாக மேலே வந்துவிடாது. எல்லாம் சேர்ந்து பிறாண்டும்போது மேல் மணல் சரிந்து கீழே விழுகிறது, அதன்மேல் ஏறி இன்னும் கொஞ்சம் மேலே வருகின்றன. மேல்மணல் சுட்டால் அசையாமல் காத்திருந்து, அது குளிர்ந்த பிறகு, பெரும்பாலும் இரவில், மொத்தமாக வெளியே வருகின்றன. இதில் விளக்கவுரை எங்கே வேண்டியிருக்கிறது? ஒவ்வொன்றும் ஒரு படம். படத்தில் தெரிவதை வரியில் மறுபடியும் சொல்லாமல் இருந்தால் பாடப்புத்தக வாடை தானாகவே போய்விடும்.

அழுகையை வெட்டிவிடாதீர்கள். முட்டையிடும் ஆமையின் கண்ணில் நீர் வழிவது உண்மைதான், காரணம்தான் வேறு. கடல்நீரோடு உடம்புக்குள் போகும் உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பி வெளியேற்றுகிறது. கதையில் ஒரு பேத்தியும் தாத்தாவும் இருக்கட்டும். "ஏன் தாத்தா அழுகிறது?" என்று அவள் கேட்கட்டும். "கடல்தண்ணீரைக் குடிக்கிறதே, அந்த உப்பு எங்கே போகும்?" என்று அவர் திருப்பிக் கேட்கட்டும். அடுத்த படத்தில் அவள் தன் கையிலிருக்கும் வியர்வையை நக்கிப் பார்க்கட்டும்.

ஆமை பேச வேண்டாம் என்பது என் கட்சி. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பாட்ரீசியா கனேயாவும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், விலங்குகளை மனிதர்போல் காட்டும் படக்கதைகளைக் கேட்ட சிறு குழந்தைகள் அந்த விலங்கைப் பற்றிய உண்மைச் செய்திகளைக் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். பாட்டி கதையில் நரி பேசினால் அதை யாரும் விலங்கியலாகக் கேட்பதில்லை, அது வேறு வகை. நீங்கள் எழுதுவதோ பிள்ளைகள் நம்ப வேண்டிய கதை.

உச்சக்கட்டம் உங்கள் ஊரிலேயே நிற்கிறது. குஞ்சுகள் வெளிச்சம் கூடிய தொடுவானத்தை நோக்கி ஓடும், இருட்டுக் கரையில் அது கடல்பக்கம். ஆனால் குருசடி (சிலுவை நிற்கும் சிறு வழிபாட்டிடம்) முன்னால் உயரக் கம்பத்து ஹைமாஸ்ட் விளக்கு எரிந்தால்? வலது பக்கத்தில் எல்லாக் குஞ்சுகளும் ஊரைப் பார்த்துத் திரும்பட்டும். பக்கத்தைப் புரட்டினால் பேத்தி ஓடிக்கொண்டிருக்கட்டும், குஞ்சுகளிடம் அல்ல, விளக்கை அணைக்கச் சொல்லி ஊருக்குள். இதில் மட்டும் நான் கறார். கதாநாயகி வாளியில் குஞ்சுகளை அள்ளினால், நாளைக்கு உங்கள் வகுப்பும் அள்ளும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்த ஆமை முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்பு உள்ள பட்டியலில், இருக்கிறது. வனத்துறைக்குத் தகவல் சொல்லும் ஒரு பெரியவரைப் படத்தின் ஓரத்திலாவது வையுங்கள்.

ஓவியரிடம் கதையை மட்டும் கொடுத்துவிட்டு இருந்துவிடக் கூடாது. கடலாமைக்குக் காலுக்குப் பதில் துடுப்பு. குஞ்சு பச்சை நிறமல்ல, கருஞ்சாம்பல். என் முதல் புத்தகத்தில் குளத்து ஆமையின் கால்கள் கடலாமைக்கு முளைத்திருந்ததை அச்சான பிறகுதான் கவனித்தேன். இன்னொன்று, நிலா. சென்னை ஓவியர் என்றால் பழக்கதோஷத்தில் கடலுக்கு மேல் நிலா எழுவதாக வரைந்துவிடுவார். குளச்சல் பக்கம் கடல் தென்மேற்கில் இருக்கிறது. மாசி, பங்குனிப் பௌர்ணமி நிலா தென்னந்தோப்புக்குப் பின்னால் எழுந்து, விடியும்போது கடலில் இறங்கும். உங்கள் பிள்ளைகள் இந்தத் தவறை உடனே பிடித்துவிடுவார்கள்.

பக்கம் 24 போதும், சொற்கள் நானூறைத் தாண்ட வேண்டாம். ஆறு ஏ4 தாள்களை ஒன்றாக வைத்து நடுவில் மடித்துத் தைத்தால் 24 பக்கம் வந்துவிடும். முதல் பக்கம் தலைப்பு, கடைசிப் பக்கம் குறிப்பு, நடுவில் 11 விரிப்புகள் (எதிரெதிரே விரியும் இரண்டு பக்கங்கள் ஒரு விரிப்பு). குச்சி மனிதர்களை வரைந்தாலும் சரி, அதில் கையால் எழுதிப் பாருங்கள். எந்த விரிப்பில் வரிகள் பெருகுகின்றனவோ அங்கே நீங்கள் பாடம் நடத்தத் தொடங்கியிருப்பீர்கள். மணல் சூட்டுச் செய்தி கதையில் முட்டினால் அதைக் கடைசிப் பக்கக் குறிப்புக்குத் தள்ளுங்கள். ஆலிவ் ரிட்லி என்ற இந்த ஆமையின் ஆங்கிலப் பெயரும் அங்கேயே வரட்டும். கதைக்குள் பங்குனி ஆமைதான், அல்லது உங்கள் மாமனார் வாயில் வரும் பெயர் எதுவோ அது. தைத்த பிரதியை முதலில் அவரிடமே வாசித்துக் காட்டுங்கள்.