உப்பு நீர் விளக்கில் சேரும் வெள்ளை மண்டி

கேள்வி: இரவு முறை மின்சாரத்தில் மோட்டார் போடச் செல்வதற்காக, உப்புத் தண்ணீர் ஊற்றினால் எரியும் மெக்னீசியத் தகட்டு விளக்கு ஒன்றை வாங்கினோம். தொடக்கத்தில் நன்றாக எரிந்தது. இப்போது உள்ளே தோசை மாவு போல வெள்ளையாகப் படிந்து, வெளிச்சம் மங்குகிறது. போர் தண்ணீரும் கல் உப்பும்தான் போடுகிறோம். பிரஷ்ஷால் தேய்க்கலாமா? வினிகர் ஊற்றலாமா?
– வாசகர், காங்கேயம்

பதில்: பிரஷ்ஷை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். காற்றை உள்வாங்கும் கருப்புத் தகடு கார்பனால் ஆனது. அதன் மேற்பரப்பு கீறப்பட்டால் நீர் கசியத் தொடங்கும், பிறகு சரிசெய்ய இயலாது.

உங்கள் விளக்கில் இருவகைப் படிவுகள் சேர்கின்றன. ஒன்று மெக்னீசியம் ஹைட்ராக்சைடு. மெக்னீசியத் தகடு தேய்ந்து மின்சாரம் தரும்போதே உண்டாகும் பொருள் இது என்பதால் அடியோடு தவிர்க்க வழியில்லை. 24 கிராம் மெக்னீசியம் தேய்ந்தால் ஏறத்தாழ 58 கிராம் ஹைட்ராக்சைடு சேரும். மற்றொன்று சுண்ணாம்புப் படிவு. விளக்கு எரியும்போது கருப்புத் தகட்டை ஒட்டியுள்ள நீர் காரத்தன்மை அடைய, போர் தண்ணீரில் நிறைந்திருக்கும் கால்சியம் அங்கே கார்பனேட்டாக மாறி, காற்று நுழையும் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. தவிர்க்கக்கூடியது இந்த இரண்டாவது படிவுதான்; நம் பகுதியின் கடின நீரில் மங்கலுக்கு இதுவே பெருங்காரணமாக இருக்கக்கூடும்.

எது படிந்திருக்கிறது என்று அறிய, கருப்புத் தகட்டின் ஓரத்தில் உள்ள பொடியைச் சிறிது விரலால் எடுத்து, ஒரு தட்டில் வைத்து வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு; சத்தமின்றிக் கரைந்தால் ஹைட்ராக்சைடு. மெக்னீசியத் தகட்டின் மீதே விட்டுப் பார்க்க வேண்டாம். அமிலம் பட்டால் உலோகமே ஹைட்ரஜன் குமிழிகளை எழுப்பும், சோதனை குழம்பிப்போகும்.

போர் தண்ணீருக்குப் பதில் சேமித்த மழைநீரை ஊற்றுங்கள். கோவையில் உறவினர் இருந்தால் சிறுவாணித் தண்ணீரும் மிக நல்லது. கல் உப்பில் கால்சியமும் மெக்னீசியமும் கலந்திருப்பதால் தூள் உப்பே ஏற்றது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. வேலை முடிந்ததும் உப்பு நீரை விளக்கிலேயே விட்டுவைத்தால், வெளிச்சம் தராத நேரத்திலும் தகடு அரித்துக்கொண்டே இருக்கும். மின்சாரம் கிடைக்காமலேயே ஹைட்ராக்சைடு மட்டும் பெருகும். அப்போது வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது என்பதால் மூடியின் துளையை அடைக்கவோ, அடுப்பருகே வைக்கவோ கூடாது. வீடு திரும்பியவுடன் நீரைக் கொட்டி, மண்டி காய்ந்து இறுகுவதற்கு முன்பே நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, மெக்னீசியத் தகட்டைக் கழற்றித் துடைத்து, உலர்வாக வையுங்கள்.

வினிகரை எரியும் விளக்கில் ஊற்ற வேண்டாம். ஏற்கெனவே இறுகிவிட்ட படிவுக்கு, மெக்னீசியத் தகட்டைக் கழற்றிய பின், நீர் கலந்த வினிகரைத் தொட்டியில் ஊற்றிச் சிறிது நேரம் ஊறவிட்டு, நன்கு கழுவிவிடலாம். கொட்டும் உப்பு நீரைச் செடிகளின் வேரடியில் ஊற்றாதீர்கள். மண்டியால் பெரிய கேடில்லை, உப்புதான் வேரைக் கெடுக்கும்.