ஒன்பது கபடி

அன்புள்ள ஐயா,

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். வயது 24. ஊர் கபடி டீமில் ஏழு வருடமாக ரெய்டர். தை மாதம் கழுத்தில் கட்டி வந்தது, நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். ஆறு கீமோவில் நான்கு முடிந்திருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "யுவராஜ் சிங் ஜெயிச்சு வரலையா? நீ விளையாட்டுக்காரன், போராடு" என்கிறார்கள். அம்மாவோ வாசலைத் தாண்ட விடுவதில்லை. போன வாரம் மொட்டைமாடியில் தனியாக நின்று பாடிப் பார்த்தேன். ஒரே மூச்சில் ஒன்பது கபடிதான் வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். விளையாட்டால் நோயை ஜெயிக்க முடியுமா? பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

அந்த ஒன்பதுக்குப் பிறகு வருகிறேன். முதலில் யுவராஜை முடித்துவிடுவோம்.

2011 உலகக் கோப்பையில் 362 ரன், 15 விக்கெட், தொடர் நாயகன். 2012 தொடக்கத்தில் நெஞ்சுக்குள் கட்டி என்று தெரிந்து அமெரிக்காவில் கீமோ. அதே செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நியூசிலாந்துக்கு எதிராக இறங்கி 34 அடித்தார். (அந்த மேட்சில் நாம் ஒரு ரன்னில் தோற்றோம், அது யாருக்கும் நினைவில்லை.) அவரைக் குணமாக்கியது மருந்துதான். கிரிக்கெட் அவருக்குத் திரும்பிப் போக ஓர் இடமாக இருந்தது. "போராடு" என்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சை இன்னும் கொஞ்சம் நீட்டினால், பிழைக்காமல் போனவர்கள் ஒழுங்காகப் போராடவில்லை என்றாகிவிடும். நானும் கீமோ எடுத்தவன்தான், அப்போது எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பட்டுக்கோட்டைக்காரர் இருந்தார். என்னைவிடப் பல மடங்கு தைரியசாலி. அவர் போய்விட்டார், நான் உங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு எப்போதும் நினைவுக்கு வருகிறவர் டெர்ரி ஃபாக்ஸ். கனடாக்காரர். எலும்புப் புற்றுநோயில் 18 வயதில் வலது கால் போனது. 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு நாட்டைக் குறுக்கே ஓடிக் கடக்கக் கிளம்பினார், தினமும் ஏறத்தாழ 42 கிலோமீட்டர். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பிறகு நோய் நுரையீரலுக்குப் பரவியது தெரிந்து நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த ஜூனில் இறந்தபோது வயது 22. ஓடினால் தன் நோய் போய்விடும் என்று அவர் ஓடவில்லை. ஆளுக்கு ஒரு டாலர் கொடுங்கள், ஆராய்ச்சிக்கு என்று கேட்டார். அன்றைய கனடாவின் மக்கள்தொகை சுமார் 2.4 கோடி. அவர் கண்மூடும் முன்பே அவ்வளவு டாலரும் சேர்ந்துவிட்டது.

என் கதை இவ்வளவு பெரிதில்லை. நான் விளையாட்டுக்காரனும் இல்லை. கும்பகோணத்தில் அரசலாற்றங்கரையில் கரண்டு போஸ்டை எண்ணி நடந்தேன், அவ்வளவுதான். முதல் நாள் நாலு போஸ்ட். பத்து வந்ததும் தலைக்கனம் வந்துவிட்டது. மூன்றாவது கீமோ முடிந்த ஐந்தாம் நாள் இருபது என்று கிளம்பி, பதினாலாவது போஸ்டுக்குப் பக்கத்து மதகுக் கட்டையில் கண் இருட்டி உட்கார்ந்தேன். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை, மேட்டூர் திறக்க இன்னும் மாதம் இருந்தது. புல்லுக்கட்டோடு சைக்கிளில் வந்த ஒருவர் கட்டை இறக்கிப் போட்டுவிட்டு என்னைக் கேரியரில் ஏற்றி வீட்டில் விட்டார். மறுநாள் ஆறே போஸ்ட். ஆனாலும் அந்தக் கணக்கு என் கையில் இருந்தது. மற்ற எண்ணெல்லாம் லேப்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நடப்பதால் பலன் உண்டா என்றால், உண்டு. கீமோ தரும் அசதிக்கு அளவான நடை நல்லது என்று டாக்டர்களே சொல்கிறார்கள். 2025இல் வந்த ஓர் ஆய்வில், பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு மூன்று வருடம் ஆள் வைத்து உடற்பயிற்சி, மறுபாதிக்கு அறிவுரைப் புத்தகம் மட்டும். எட்டு வருடம் கழித்து முதல் பாதியில் நூற்றுக்கு 90 பேர் உயிரோடு இருந்தார்கள், அடுத்த பாதியில் 83 பேர். உங்கள் நோய் வேறு, நீங்கள் இன்னும் சிகிச்சையில் இருக்கிறீர்கள். அதனால் இதை அப்படியே உங்களுக்குப் பொருத்த மாட்டேன். அம்மாவிடம் பேச உதவும் என்றுதான் சொல்கிறேன்.

கபடி மட்டும் இப்போது வேண்டாம். ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் குறைந்திருக்கும்போது நாலு பேர் சேர்ந்து அமுக்கினால் உள்ளே ரத்தம் கசியும். வெள்ளணு குறைந்திருந்தால் முழங்கால் சிராய்ப்பே காய்ச்சலில் கொண்டுபோய் விடும். டாக்டர் சரி என்கிற வரை கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஸ்கோர் எழுதுங்கள். பையன்கள் உங்களை வம்புக்கிழுப்பார்கள், அது நல்லதுதான்.

சரி, அந்த ஒன்பது. ரத்தசோகை இருந்தால்கூட மூச்சு இப்படிக் குறையும். நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் நுரையீரலையும் பதம் பார்க்கும். ஆகவே அடுத்த தடவை போகும்போது, "முன்னெல்லாம் இத்தனை பாடுவேன், இப்போது ஒன்பதுதான் வருகிறது" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். "கொஞ்சம் மூச்சு வாங்குது சார்" என்பதைவிட அவருக்கு இது நன்றாகப் புரியும். அப்புறம் வாரம் ஒருமுறை, அதே மாடியில், அதே நேரத்தில் பாடிப் பார்த்து காலண்டரில் குறித்து வையுங்கள். ஐந்தாவது கீமோவுக்குப் பிறகு ஏழாகக்கூட இறங்கலாம். அப்போதும் எனக்கு எழுதுங்கள்.