தட்டை வைத்ததும் காலி: நாய்க்குட்டி கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி. குட்டி மெல்லுவதே இல்லை, அள்ளி விழுங்குகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இரண்டு மாத நாட்டுக் குட்டி. தயிர் சாதம் வைத்தால் அரை நிமிடத்தில் காலி. மெதுவாகச் சாப்பிட வைக்க என்ன வழி டாக்டர்? (அம்மாப்பேட்டை)

தட்டை மாற்றுவதற்கு முன்னால் குட்டியின் வயிற்றைப் பாருங்கள் அம்மா. ஐந்தாறு குட்டிகளோடு முட்டி மோதிப் பால் குடித்து வளர்ந்தது அது. பிந்தினால் கிடைக்காது என்பது அதன் உடம்பில் ஊறிய பயம். தனியாக உங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் அது உடனே போய்விடாது.

அப்புறம், பசி நிஜமாகவே பசியாகவும் இருக்கலாம். தயிர் கெடுதல் இல்லை. ஆனால் தட்டு நிறையச் சோறும் மேலே கொஞ்சம் தயிரும் என்றால் வயிறு நிறையுமே தவிர, வளரும் குட்டிக்கு வேண்டிய புரதம் கிடைக்காது. வேகவைத்த முட்டை, எலும்பு எடுத்த கோழிக்கறி சேருங்கள், அல்லது குட்டிகளுக்கென்றே விற்கும் உணவைக் கொடுங்கள். ஒரு நாள் சாப்பாட்டை 3 மாதம் வரை 4 வேளையாகவும், 6 மாதம் வரை 3 வேளையாகவும், அதன் பிறகு 2 வேளையாகவும் பிரித்து வையுங்கள். நேரம் தவறாமல் வைத்தாலே பல குட்டிகளின் பரபரப்பு பாதி அடங்கிவிடும்.

இன்னொன்று குடற்புழு. வயிறு பானை மாதிரி உப்பியிருந்து, முதுகெலும்பு விரலுக்குத் துருத்திக்கொண்டு தட்டுப்பட்டால் எனக்கு முதல் சந்தேகம் அதுதான். வீட்டை விட்டு இறங்காத குட்டிக்குக்கூடப் புழு இருக்கும். தாயின் கருப்பையிலும் பாலிலும் இருந்தே வந்துவிடுகிறது. பிறந்த 2 வாரத்திலிருந்து 3 மாதம் வரை 2 வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறையும் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். அளவு எடைக்குத் தகுந்தபடி மாறும், அதனால் குட்டியை எடை போட்டுவிட்டு மருந்து கேளுங்கள்.

மெதுவாகச் சாப்பிட வைக்கும் மேடுபள்ளத் தட்டு வாங்கியே ஆக வேண்டுமா? (அஸ்தம்பட்டி)

வேண்டியதில்லை. பரணில் கிடக்கும் பழைய இரும்புப் பணியாரக் கல்லை எடுங்கள். என் வீட்டுக் குட்டிக்கு அதுதான் தட்டு. 7 குழியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டை வைத்து விரலால் அழுத்திவிடுவேன். முதல் நாள் மூக்கை ஒரு குழிக்குள் விட்டுத் தும்மியது. இரண்டாம் நாள் நாக்கைச் சுழற்றி ஒரு குழியை வழித்துவிட்டு அடுத்ததற்குப் போகக் கற்றுக்கொண்டது. கல் கனமாக இருப்பதால் தள்ளிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றவும் முடியாது. சாப்பிட்டதும் கழுவித் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் துருப்பிடிக்கும். நான்-ஸ்டிக் வேண்டாம், பல் பட்டு பூச்சு உரியும். இந்தக் கல் இனி நாய்க்கு மட்டும்தான்.

உலர் உணவு என்றால் இன்னும் சுலபம். பழைய துண்டில் தூவிச் சுருட்டிப் போட்டால் மோப்பம் பிடித்து, உருட்டி, ஒவ்வொன்றாக எடுக்கும். நூல் பிரிந்த துண்டு ஆகாது, நூலும் வயிற்றுக்குள் போகும். முதல் சில நாள் பக்கத்திலேயே இருங்கள்.

தட்டின் நடுவில் கல் போடலாமா?

குட்டியின் வாய்க்குள் நுழையாத அளவு பெரிய, வழவழப்பான கல் என்றால் போடலாம். கூழாங்கல் கூடவே கூடாது. நான் என்றால் கல்லுக்குப் பதில் ஒரு கனமான எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பேன்.

ஏற்காட்டில் இருக்கிறோம். வாசலில் தட்டு வைத்தால் குரங்கு வந்துவிடுகிறது. குட்டி அவசர அவசரமாக முழுங்குகிறது.

காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். உள்ளே, கதவைச் சாத்திவிட்டு வையுங்கள். பின்னால் யாரோ பறிக்க வருகிறார்கள் என்ற பயம் இருக்கும்வரை எந்தத் தட்டும் பலன் தராது. வீட்டில் இரண்டு நாய் இருந்தாலும் இதே கதைதான், ஒன்றின் முகம் மற்றதற்குத் தெரியாமல் தனித்தனியாக வையுங்கள். காபித் தோட்டத்துப் பக்கம் இருப்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: கீழே விழுந்த காபிப் பழம், காயப்போட்ட கொட்டை, வடிகட்டிய சக்கை எதையும் அது வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காஃபின் நாய்க்கு நஞ்சு.

சாப்பிடும்போது தட்டை எடுத்தால் உறுமுகிறது. அடித்துத் திருத்தலாமா சார்? (குகை)

அடிக்காதீர்கள், தயவுசெய்து. ‘நடுவில் தட்டைப் பிடுங்கிப் பழக்கினால் அடங்கும்’ என்று பலரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது தலைகீழ். பிடுங்கப் பிடுங்க இன்னும் வேகமாக விழுங்கும், உறுமல் கடியில் போய் முடியும். உங்கள் கை வந்தால் சாப்பாடு கூடும் என்று அதற்குத் தெரிய வேண்டும். நாலடி தள்ளி நின்று ஒரு துண்டு முட்டையைத் தட்டுப் பக்கம் போட்டுவிட்டுப் போய்விடுங்கள். தினமும் இப்படியே. உங்களைப் பார்த்ததும் உறுமாமல் நிமிர்ந்து வாலாட்டினால் ஓரடி நெருங்குங்கள். அவசரம் வேண்டாம். அதுவரை பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். குட்டியின் பல் பட்டாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சாப்பிட்ட உடனே அப்படியே கக்கிவிட்டு, அதையே திரும்பத் தின்கிறது. (செவ்வாய்ப்பேட்டை)

வயிறு குலுங்காமல், தலையைக் குனிந்ததும் செரிக்காத சாப்பாடு கொட்டினால் அது வாந்தி அல்ல, எதுக்களிப்பு. வேகமாக விழுங்கியதால் வந்திருக்கலாம். மெதுவாகச் சாப்பிட்ட பிறகும் தொடர்ந்தால் உணவுக்குழாயில் கோளாறு இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். அடுத்த முறை செல்போனில் வீடியோ எடுத்து வாருங்கள், நீங்கள் வாயால் விவரிப்பதைவிட எங்களுக்கு அது உதவும். தடுப்பூசி முடியாத குட்டி வாந்தியோடு ரத்தக்கழிச்சலும் சோர்வுமாக இருந்தால் மறுநாள் வரை பார்க்கவே கூடாது.

8 மாத ராஜபாளையம். ஸ்டூல் மேல் தட்டை வைத்தால் நல்லது என்கிறார்களே? (ஓமலூர்)

வேண்டாம், தரையிலேயே வையுங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி ஆழமான மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. வேகமாக விழுங்குவது அந்த ஆபத்தைக் கூட்டும். உயரத் தட்டும் பெரிய இன நாய்களுக்குக் கூட்டும் என்றுதான் ஆய்வில் தெரிந்திருக்கிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஓட விடாதீர்கள்.

வயிறு திடீரென்று உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வெளியே வராமல், எச்சில் ஒழுக, நிலைகொள்ளாமல் நடந்துகொண்டே இருந்தால் ஓம வாட்டர், சோடா என்று எதுவும் ஊற்ற வேண்டாம். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அறுவை சிகிச்சை வசதி உள்ள இடத்துக்கு முன்கூட்டியே போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். ஏற்காட்டுக்காரர்களுக்கு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்க வேண்டியிருக்கிறது. அந்த போன் எண்ணை இன்றைக்கே குறித்து, அடுப்படிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.