கரண்ட் வந்தது, கம்ப்யூட்டர் வரவில்லை

கேள்வி: மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. வந்த பிறகு டெஸ்க்டாப் ஆன் ஆகவில்லை, ஃபேன்கூடச் சுற்றவில்லை. ஏழு வருடமாக ஓடும் மெஷின். "மதர்போர்டு போயிருக்கும், புதுசு வாங்கிடுங்க" என்கிறார் கடைக்காரர். சரிதானா?
– வாசகர், விருதுநகர்

பதில்: அவசரப்படாதீர்கள். ஃபேனே சுற்றவில்லை என்றால் முதல் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். (சுவர் கரண்டை மாற்றி மெஷினுக்குக் கொடுக்கும் பவர் பெட்டி) மேல்தான்.

பவர் கார்டைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அமுக்கிப் பிடியுங்கள். பத்து நிமிடம் கழித்து, யு.பி.எஸ்., எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் இல்லாமல் நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள். கரண்ட் திரும்பும்போது வோல்டேஜ் எகிறினால் எஸ்.எம்.பி.எஸ். தன்னைத்தானே பூட்டிக்கொள்வது உண்டு. மிச்ச சார்ஜ் வடிந்தால் பூட்டு விடும்.

அசையவில்லையா? கார்டை உருவிவிட்டு, மதர்போர்டில் செருகியிருக்கும் 24 பின் கனெக்டர் உட்பட எஸ்.எம்.பி.எஸ்.ஸின் எல்லா ஒயரையும் கழற்றுங்கள். கனெக்டரில் பச்சை ஒயர் ஒன்றுதான் இருக்கும். அதையும் பக்கத்துக் கறுப்பையும் ஜெம் கிளிப்பால் இணைத்து, லோடுக்கு ஒரு பழைய கேபினெட் ஃபேனை மாட்டி, அப்புறம் சுவிட்சைப் போடுங்கள். ஃபேன் சுற்றினால் மட்டும் போதாது. மல்டிமீட்டரில் மஞ்சள் 11.4–12.6, சிவப்பு 4.75–5.25 வோல்ட் காட்ட வேண்டும். ஊதா ஒயரில் கிளிப் போடாமலே 5 வோல்ட் வர வேண்டும். ஒயர் எல்லாமே கறுப்பாக இருந்தாலோ, 24 பின் இல்லாத பிராண்டட் மெஷின் என்றாலோ இதைச் செய்யாதீர்கள்.

அந்த ஊதாவில்தான் விஷயம். சுவர் சுவிட்சை அணைக்காதவரை, மெஷின் ஆஃபில் இருந்தாலும் அந்த ஒயருக்குக் கரண்ட் கொடுக்கும் ஸ்டாண்ட்பை பகுதி வேலை செய்துகொண்டே இருக்கும். அங்குள்ள சின்ன கெபாசிட்டர்கள் (சார்ஜைச் சேமிக்கும் பாகங்கள்) வருடக்கணக்கில் சூட்டிலேயே கிடந்து உலர்ந்துவிடும். சூடாக இருக்கும்வரை சமாளிக்கும். மூன்று மணி நேரம் ஆறிய பிறகு கிளம்பத் திணறும். கெட்டது அன்றைக்கல்ல, அன்றைக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். ஊதாவில் 5 வோல்ட் இல்லையென்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றிவிடுங்கள், அதே வாட்ஸ் அல்லது கூடுதலாக. பழையதைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். பிளக்கை உருவிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம்.

எல்லா அளவும் சரியாக இருந்தால் ஒயர்களைத் திரும்ப மாட்டிவிட்டு, முன்பக்க பட்டனைச் சந்தேகியுங்கள். அதன் ஒயரைப் போர்டிலிருந்து கழற்றி, அந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொடுங்கள். கிளம்பினால் கெட்டது பட்டன். இதற்கும் கிளம்பவில்லை என்றால்தான் கடைக்காரர் சொன்னது.

கேள்வி: எங்கள் வீட்டில் ஃபேன் சுற்றுகிறது, ஸ்கிரீன்தான் இருட்டு. தேதியும் அடிக்கடி பழசுக்குப் போய்விடும்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: தேதி போகிறதென்றால் போர்டில் உள்ள சி.ஆர்.2032 பட்டன் செல் தீர்ந்திருக்கிறது. புதிதில் 3 வோல்ட், 2.7க்குக் கீழே போனால் மாற்றுங்கள். பவர் கார்டை உருவி, பழைய செல்லை எடுத்து ஐந்து நிமிடம் விட்டால் பயாஸும் (மெஷினைக் கிளப்பும் அடிப்படை செட்டிங்) ரீசெட் ஆகும். ரேமையும் கழற்றி, தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, இரண்டு பக்கமும் கிளிக் சத்தம் வரும்படி அமுக்குங்கள். ஸ்கிரீன் வந்து, விண்டோஸ் மட்டும் நீலத் திரையில் நின்றால் பயப்பட வேண்டாம்: ரீசெட்டில் சாட்டா மோடு (ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் முறை) மாறியிருக்கலாம். பயாஸில் முன்பிருந்தபடி ஏ.எச்.சி.ஐ. அல்லது ரெய்டு என்று திருப்பி வையுங்கள்.