பனிமலைக்கு ஒரே களிசான்: வாசகர் கேள்விகள்

குளிர்நாட்டுப் பயணம் பற்றி வந்த கடிதங்களில் களிசானைப் பற்றிக் கேட்டவற்றுக்கு மட்டும் இந்த முறை பதில் எழுதுகிறோம். எல்லாருடைய கேள்வியும் கடைசியில் ஒன்றில்தான் வந்து நிற்கிறது: இங்கே ஊரில் எதற்கும் உதவாத ஒரு உடுப்புக்கு இரண்டு மூன்று தடவை காசு கொட்டாமல், ஒன்றை வாங்கி எல்லாவற்றுக்கும் போடலாமா?

கல்லடி வாசகர்: பெப்ரவரியில் சுவிஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன். பனிச்சப்பாத்து (பனியில் புதையாமல் நடக்கச் சப்பாத்துக்கு அடியில் கட்டும் அகலமான தட்டு) கட்டி மலைநடை, மருமக்களோடு சறுக்குவண்டி, இரண்டு நாள் ஸ்கீ வகுப்பு என்று திட்டம். உள்ளே பஞ்சு வைத்த தடித்த ஸ்கீ களிசானை வாங்கச் சொல்கிறார் அத்தான். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது.

அத்தான், மலைக்கு மேலே கொண்டுபோகும் கம்பிவட லிப்டில் ஏறிச் சறுக்கி இறங்குகிற ஆளாக இருப்பார். அவருக்கு அது சரி. உங்கள் திட்டத்துக்குச் சரிவராது. சும்மா இருக்கும் உடம்பு ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடுகிறது. பனியில் மேடு ஏறும்போது அது நான்கைந்து மடங்காகும். பஞ்சுக்குள் அந்தச் சூடு போக வழியில்லாமல் கொஞ்ச நேரத்தில் தொடை நனைந்துவிடும். மேலே போய்ச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்ததும் அந்த ஈரமே உடம்புச் சூட்டை இழுக்கத் தொடங்கும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வெப்பம் கடத்தும். பனிமலையில் பலரை நடுங்க வைப்பது அவரவர் வியர்வைதான். பஞ்சோ களிசானோடு சேர்த்துத் தைத்தது, வேண்டாமென்றால் கழற்ற முடியாது.

ஆகவே பஞ்சில்லாத, நீர்புகாச் சவ்வு (வெளித் தண்ணீரைத் தடுத்து உள் நீராவியை வெளியே விடும் மெல்லிய படலம்) வைத்த ஷெல் களிசானை வாங்குங்கள். சூட்டை, உள்ளே போடும் தேர்மல் என்கிற ஒட்டிப் பிடிக்கும் உள்களிசான் பார்த்துக்கொள்ளும். நடை மட்டும் என்றால் சவ்வில்லாத சொப்ட்ஷெல்லைச் சொல்லியிருப்போம். இழுபடும், காற்றுப் போய்வரும், காய்ந்த பனியைக் கையால் தட்டிவிடலாம். ஆனால் சறுக்குவண்டியும் ஸ்கீ வகுப்பும் இருக்கிறதே. முதல் இரண்டு நாள் ஸ்கீ என்பது பாதி நேரம் பனியில் விழுந்து கிடப்பதுதான். சொப்ட்ஷெல்லின் பின்பக்கம் மத்தியானத்துக்குள் ஊறிவிடும்.

ஷெல்லில் முதலில் பார்க்க வேண்டியது, சூட்டை வெளியே விடும் தொடையோரச் சிப். 30 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் அது பேருக்கு வைத்தது. வெளித்தொடையில், மேலிருந்தும் கீழிருந்தும் திறக்கிற மாதிரி இருந்தால் நல்லது. உட்தொடையில் வலையோடு தைத்தவையும் வரும். அந்த வலை பனியைத் தடுக்கும், காற்றையும் கொஞ்சம் தடுக்கும். வேர்த்த பிறகு திறந்து பயனில்லை. ஏற்றம் தொடங்கும் இடத்திலேயே திறந்துவிடுங்கள்.

அடுத்தது கால்முனை. உள்ளே இறப்பர் இழை வைத்த இன்னொரு மடிப்பு இருக்கும். அது சப்பாத்துக்கு வெளியே, அதைப் போர்த்தினாற்போல் இறங்க வேண்டும். புதியவர்கள் அதை ஸ்கீ சப்பாத்துக்குள் திணித்துவிட்டுக் கணைக்கால் எலும்பு நோகிறது என்று புலம்புவார்கள். கால்முனையின் உட்பக்கம் தடித்த நைலோன் துண்டு தைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு ஸ்கீயின் இரும்பு விளிம்பு மற்றக் காலில் உரசுகிற இடம் அது. அந்தத் துண்டு இல்லாதது வெறும் மழைக்களிசான். ஸ்கீ வகுப்பு முடிவதற்குள் கீறிக்கொண்டு நிற்கும்.

தேர்மல் இரண்டு வேண்டும். ஒன்று சதுர மீற்றருக்கு 150 கிராம் எடையுள்ள மெல்லியது, மற்றது 250 கிராம் அளவில் தடித்தது. மெரினோக் கம்பளி அல்லது பொலியெஸ்டர். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேண்டாம். நடைக்கு மெல்லியது, சறுக்குவண்டிக்கும் லிப்டில் தொங்கிக்கொண்டு போவதற்கும் தடித்தது. ஸ்கீ நாளில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிகிற முக்கால் தேர்மலாக இருந்தால் இன்னும் வசதி. சப்பாத்துக்குள் நீளக் காலுறை ஒன்றைத் தவிர வேறொன்றும் போகக்கூடாது.

கடைக்குப் போகும்போது தடித்த தேர்மலைக் கொண்டுபோய் அதன் மேல் போட்டுப் பாருங்கள். நம் ஊர் வெக்கையில் வேர்த்துக் கொட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். முழுதாகக் குந்துங்கள். பிறகு ஒரு காலைக் கதிரையின் மேல் தூக்கி வையுங்கள். தொடை பிடித்தாலோ, பின்னால் இடுப்பு இறங்கினாலோ, கால்முனை கணுக்காலுக்கு மேலே ஏறினாலோ வேறு அளவு எடுக்க வேண்டும். அங்கே போய் வாங்க அவகாசம் இருந்தால், ப்ரொக்கன்ஹவுஸ் என்கிற பழைய பொருள் கடைகளுக்கு அக்காவோடு ஒருமுறை போய் வாருங்கள். பழையதை உட்புறம் புரட்டி, தையல்களின் மேல் ஒட்டிய நாடா எங்கேனும் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். உரிந்திருந்தால் எவ்வளவு மலிவென்றாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

களுவாஞ்சிகுடி வாசகர்: 10,000 என்று அட்டை போட்ட நீர்புகாக் களிசான் வாங்கினேன். வியர்வையும் வெளியேறும் என்றார்கள். நவம்பர் மழையில் மோட்டார் சைக்கிளில் போட்டுப் பார்த்தால் உள்ளே ஈரம். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

அவரைச் சந்தேகிக்க முன்னர் நம் ஊர்க் காற்றைப் பாருங்கள். சவ்வுக்குள் இருந்து நீராவியை வெளியே தள்ளுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஆவியழுத்த வித்தியாசம். 33 பாகைச் சூட்டில் வேர்த்திருக்கும் தோலருகே அந்த ஆவியழுத்தம் 50 ஹெக்டோபஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவில் இருக்கும். மாரி மழையில், 25 பாகையில், வெளியே ஏற்கெனவே 30. மிச்சம் 20தான். பனிமலையில் −5 பாகையில் வெளிக்காற்று 4ஐத்தான் தாங்கும். அங்கே வித்தியாசம் 46. அதே களிசான் அங்கே இரண்டு மடங்குக்கு மேல் நன்றாக வேலை செய்யும். மட்டக்களப்பு மழையில் எந்தச் சவ்வும் பொலித்தீன் பைதான்.

கசிவா வியர்வையா என்று அறிய ஒரு வழி: முழங்கால் பகுதியை ஒரு சட்டிக்குள் குழியாக இறக்கி, இரண்டு குவளை தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். துணியின் அடியில் ஈரம் இல்லையென்றால் சவ்வில் பிழையில்லை.

10,000 என்பது மில்லிமீற்றர் கணக்கு. துணியின் மேல் 10 மீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் வரும் அழுத்தம் வரை கசியாது என்று அர்த்தம். சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. 70 கிலோ ஆள் இரு முழங்காலையும் ஈரப்பனியில் ஊன்றினால் ஒரு காலுக்கு 35 கிலோ. ஊன்றும் இடம் 40 சதுர சென்ரிமீற்றர் என்று வைத்தால் 0.9 கிலோ அழுத்தம் வந்துவிடுகிறது. புதிதாக இருக்கும்போது 10,000 மட்டுமட்டாகத் தாங்கும், உரசித் தேய்ந்த பிறகு தாங்காது. விழுந்து எழும்புகிற விளையாட்டுக்கு 20,000 வாங்கச் சொல்வது அதனால்தான். அதற்கு மேலே உள்ள இலக்கங்களுக்குக் காசு கூட்டிக் கொடுக்க நாங்கள் சொல்ல மாட்டோம்.

காத்தான்குடி வாசகி: டிசம்பரில் கணவரோடு நேபாளம் பூன்ஹில் ஏறப் போகிறேன். அபாயாவோடு நடக்கலாமா? களிசான் எப்படிப்பட்டது வேண்டும்?

சகோதரி, அபாயாவை நகரத்துக்கும் விடுதிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதையில் உல்லேரி என்ற ஊரின் கற்படிகள் நீளமானவை. இறங்கும்போது முன்விளிம்பு சப்பாத்துக்குள் மாட்டினால் ஆளே விழுந்துவிடும். இருபக்கமும் வெட்டு வைத்த, முழங்கால் வரை வருகிற பொலியெஸ்டர் மேலாடையும், நேர்வெட்டுத் தளர்ந்த சொப்ட்ஷெல் களிசானும் போதும். இறுக்கமான வெட்டை வாங்காதீர்கள், உள்ளே தேர்மல் போனால் இன்னும் ஒட்டிப் பிடிக்கும். கூடுதலாக மறைவு வேண்டுமென்றால், களிசானுக்கு மேலே கட்டுகிற, பக்கச் சிப் முழுதாகத் திறக்கும் பஞ்சுப் பாவாடைகள் மலைச்சாமான் கடைகளில் உண்டு. அதிகாலை 3,210 மீற்றர் உச்சியில் சூரியனுக்காகக் காத்து நிற்கையில் அது சூட்டுக்கும் உதவும்.

அங்கே டிசம்பர் வறண்ட மாதம், சவ்வு வைத்தது அவசியமில்லை. 300 கிராமுக்குள் ஒரு மெல்லிய மழைக்களிசானைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சப்பாத்தைக் கழற்றாமல் ஏற்றி இறக்கும் அளவுக்கு அதன் கால்சிப் நீளமாக இருக்கட்டும். நெஞ்சுவரை வந்து தோளில் வார் போடும் வகையைத் தவிருங்கள். குளிரில், வெளியே இருக்கும் கழிவறையில், மேலாடை எல்லாவற்றையும் கழற்றி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

செங்கலடி வாசகர்: மகன் கனடாவிலிருந்து விட்டுப்போன ஸ்கீ களிசானை ஐந்து வருடம் அலுமாரியில் வைத்திருந்தோம். இப்போது எடுத்தால் உள்ளே பிசுபிசு என்று ஒட்டுகிறது, வெள்ளையாய் உதிர்கிறது.

அது போய்விட்டது. திருத்த வழியில்லை. உள்ளே பூசியிருந்த பொலியூரித்தேன், காற்றின் ஈரத்தோடும் வெக்கையோடும் சேர்ந்து மெல்ல மெல்லச் சிதைந்திருக்கிறது. குளிர்நாட்டு அலுமாரியில் இதைவிட நெடுநாள் இருந்திருக்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் நம் வீடுகளில் அந்த வேலை விரைவாக நடக்கும். பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் இன்னும் கெதியாக நடக்கும்.

அடுத்ததை வாங்கும்போது உட்புறத்தைப் பாருங்கள். மினுமினுப்பான பூச்சு மட்டும் தெரிந்தால் இந்த வகை. உள்ளேயும் மெல்லிய துணி ஒட்டிய மூன்றடுக்கு வகை விலை கூட, ஆனால் நம் காலநிலையில் கூடுதல் காலம் நிற்கும். பயணம் முடிந்து வந்ததும் சிப்புகளைப் பூட்டி, 30 பாகைத் தண்ணீரில், குறைந்த அளவு திரவச் சவர்க்காரத்தில் கழுவி இருமுறை அலசுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் கூடாது, தண்ணீர் உருண்டோடும் தன்மையை அது கெடுக்கும். நிழலில் காய வைத்து, மெல்லிய துணி விரித்து மேலே குறைந்த சூட்டில் அயன் போட்டால், கழுவியதில் மங்கிய அந்தத் தன்மை பெரும்பாலும் திரும்பிவிடும். மடித்து அடுக்காமல் தொங்கவிடுங்கள். மாரி முடிந்ததும் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள்.

திருக்கோவில் வாசகி: தைப்பூச விடுமுறையில் சிவனொளிபாதமலை ஏறுகிறோம். இதெல்லாம் தேவையா?

தேவையில்லை. உயரம் 2,243 மீற்றர். 1,000 மீற்றருக்கு ஆறரைப் பாகை வீதம் குறைத்தால், கரையில் 24 பாகை இருக்கும் இரவில் உச்சியில் 9, 10 பாகை, அதோடு காற்று. பொலியெஸ்டர் ட்ராக் களிசான் போட்டு ஏறுங்கள். மெல்லிய தேர்மலைப் பையில் கொண்டுபோய், உச்சியை அடைய முன்னர் இருக்கும் கடையில் மாற்றுங்கள். டெனிம் மட்டும் வேண்டாம், நனைந்தால் விடியும்வரை காயாது.

அக்கரைப்பற்று தையல்காரர்: சவ்வு வைத்த ஸ்கீ களிசானில் 3 அங்குலம் குறைக்கச் சொல்லி ஒருவர் தந்திருக்கிறார். அடியில் வெட்டினால் தடித்த துண்டு போய்விடும். என்ன செய்யலாம்?

அடியில் கை வைக்காதீர்கள். கால்முனைச் சிப் அவ்வளவு தூரம் ஏறவில்லையென்றால், தடித்த துண்டுக்கு மேலே, கெண்டைக்கால் மட்டத்தில் குறுக்கே வெட்டி இணைக்கலாம். 3 அங்குலம் என்பது ஏறக்குறைய 7.5 சென்ரிமீற்றர். மேலும் கீழும் 1 சென்ரிமீற்றர் தையலுக்குப் போகும் என்பதால், வெட்டி எடுக்க வேண்டிய பட்டி 5.5 சென்ரிமீற்றர்தான். 7.5ஐ வெட்டிவிட்டால் களிசான் இரண்டு சென்ரிமீற்றர் கட்டையாகிவிடும். கால் கீழே ஒடுங்குவதால் இரு விளிம்பும் ஒரே அகலமாக இராது. மேல்விளிம்பின் கூடுதல் அகலத்தைப் பக்கத் தையல்களில் சமமாக எடுத்துவிடுங்கள். உள்மடிப்பையும் உள்துணி இருந்தால் அதையும் முதலில் பிரித்து ஒதுக்கி, தனியாகக் குறைக்க வேண்டும்.

குண்டூசி குத்தினால் ஓட்டை நின்றுவிடும், கிளிப் போட்டுப் பிடியுங்கள். 80 இலக்கக் கூர்முனை ஊசி, பொலியெஸ்டர் நூல், 3 மில்லிமீற்றர்த் தையல். பிழைத்துப் பிரித்தால் பழைய ஓட்டைகள் வழியே தண்ணீர் போகும், ஆகையால் வெட்டிய பட்டியில் முதலில் தைத்துப் பாருங்கள். முடிந்ததும் உட்புறம் தையல் நாடா ஒட்ட வேண்டும். நாடா இல்லையென்றால் பொலியூரித்தேன் தையற் பசையை மெல்லிய கோடாக இழுத்து ஒரு இரவு காய விடுங்கள்.