வாங்கும் முன்: மேசைமேல் படை திரட்டுகிறவர்களுக்கு

போன மாதம் மினியேச்சர் போர் விளையாட்டைப் பற்றி வந்த ஒரு கேள்விக்கு இந்தக் கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் பதில் எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியேதான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் அங்குலம் சொச்சம் உயரமுள்ள பொம்மை வீரர்களை ஒட்டி, வண்ணம் தீட்டி, மேசையில் நிறுத்தி, இஞ்ச் டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி மோதவிடும் ஆட்டம் இது. ஞாயிற்றுக்கிழமைகளில் இதற்காக நாகர்கோவிலில் கூடும் ஒரு சிறு குழுவுக்கு ஏழு வருடமாக நானும் போய்க்கொண்டிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: குழுவில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. வார்ஹாமர் 40,000 ஆட்டத்துக்கு 2,000 புள்ளிப் படையை ஒரேயடியாக வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன். அண்ணனின் கார்டில் மாதத் தவணை கிடைக்கும்... (கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்)

ப: வேண்டாம் மக்களே. எந்தப் படை உன் கைக்கு ஒத்துவரும் என்று இரண்டு வாரத்தில் தெரியாது. குழுவில் யாரிடம் கேட்டாலும் ஒரு படையை ஆடக் கொடுப்பார்கள். இரவல் படையில் நாலைந்து ஆட்டம் ஆடு. அந்த ஆட்டத்தின் 8-ஆம் பதிப்பு 2017-இல் வந்தது, 9-ஆம் பதிப்பு 2020-இல், 10-ஆம் பதிப்பு 2023-இல். பதிப்பு மாறினால் பொம்மை வீணாகாது. ஆனால் ஒவ்வொரு பொம்மைக்கும் விதியில் கொடுத்திருக்கும் புள்ளி மதிப்பும் பலமும் மாறும். இன்று 2,000 என்று எண்ணி வாங்கியது நாளைக்கு 1,800 ஆகலாம், தவணை மட்டும் அப்படியே நிற்கும்.

நான் வேறோர் ஆட்டத்தின் கெட்டி அட்டை விதிப்புத்தகத்தை 3,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். நாலே மாதத்தில் அடுத்த பதிப்பு வந்தது. வாங்கும் முன் குழுவில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. வார்ஹாமரின் 10-ஆம் பதிப்பின் அடிப்படை விதிகளை அதை வெளியிடும் நிறுவனமே இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. அதை வைத்துத் தொடங்கு. வாங்கியே தீரவேண்டும் என்றால் ஒரே ஒரு சின்னப் பெட்டி வாங்கு. அதை ஒட்டி, தீட்டி, மேசையில் வைத்த பிறகு அடுத்ததைப் பற்றி யோசிக்கலாம். அண்ணனின் கார்டை அண்ணனிடமே கொடுத்துவிடு.

கே: பிளாஸ்டிக் பொம்மைகளை ஒட்ட ஃபெவிக்விக் போதுமா? (இரணியல்)

ப: ஒட்டும், ஆனால் கீழே விழுந்தால் தெறித்துப் பிரியும். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்கு அதை இளக்கி ஒன்றாக்கும் பிளாஸ்டிக் சிமென்ட் வாங்குங்கள். ரெசினுக்கும் (வார்த்து இறுக்கிய பிசின்) உலோகத்துக்கும் ஃபெவிக்விக் சரி.

கே: இன்ஸ்டாகிராமில் ஒருவர் பழைய படை ஒன்றை விற்பதாகப் படம் போட்டிருந்தார். மகனின் பிறந்தநாளுக்காக 6,500 ரூபாய் யுபிஐயில் அனுப்பினேன். மறுநாள் என்னை பிளாக் செய்துவிட்டார். வீட்டில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. (தக்கலை)

ப: அம்மா, கூச்சப்பட வேண்டியது நீங்கள் இல்லை, திருடினவன். முதலில் வீட்டில் சொல்லுங்கள். ஒளித்து வைத்தால் புகார் கொடுக்கும் நாள் தள்ளிப்போகும், இதில் நேரம்தான் பெரிது. உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். இணையவழிப் பண மோசடிக்கான தேசிய உதவி எண் அது. பணம் அவன் கணக்கிலிருந்து வெளியே போகும் முன் புகார் பதிவானால் அதை முடக்கி வைக்க வழியிருக்கிறது. உங்கள் வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பரிவர்த்தனை எண், அவனுடைய யுபிஐ முகவரி, பேசிய செய்திகள், அவன் பக்கத்தின் படம் எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். எதையும் அழிக்காதீர்கள்.

இது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழக்கு இல்லை. வியாபாரி இல்லாத தனி ஆள் செய்த ஏமாற்று வேலை, ஆகவே சைபர் கிரைம் போலீஸ்தான் வழி. இன்னொன்று: பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று இனி யாராவது கட்டணம் கேட்டு அழைப்பார்கள். அவர்களும் அதே கூட்டம்தான், ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

மற்றவர்களுக்கு: பழைய படை வாங்கும்போது, அன்றைய தேதியைத் தாளில் எழுதி பொம்மைகளின் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். உண்மையில் கையில் வைத்திருப்பவருக்கு அது இரண்டு நிமிட வேலை.

கே: மகன் பகடை உருட்டும் ஏதோ விளையாட்டுக்குப் போகிறான். இப்போது 4,000 ரூபாய் கேட்கிறான். இது சூதாட்டமா? (ஒரு தந்தை, கருங்கல்)

ப: இல்லை ஐயா. பந்தயம் கிடையாது, பணம் கைமாறாது. வீட்டில் தாயம் ஆடுவது போலப் பகடை இதிலும் ஒரு கருவி. 1824-இல் பிரஷ்ய ராணுவம் தன் அதிகாரிகளைப் பழக்க எடுத்துக்கொண்ட வரைபடப் போர் விளையாட்டிலும் பகடை இருந்தது. ஒரு ஞாயிறு நீங்களே கூட வந்து பாருங்கள். 4,000 ரூபாய் எதற்கு என்று பட்டியல் எழுதித் தரச் சொல்லுங்கள். அதில் மேசை இருந்தால் அடித்துவிடுங்கள். எட்டடிக்கு நாலடிப் பிளைவுட்டில் இரண்டடி வெட்டினால் ஆறுக்கு நாலு பலகை கிடைக்கும், அதைக் கட்டில்மேல் போட்டு ஆடலாம்.

கே: பொம்மைகளின் அடித்தட்டில் ஒட்ட மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலிருந்து கறுப்பு மணல் ஒரு பக்கெட் எடுத்து வந்திருக்கிறேன். பார்க்க ரொம்ப அழகாக இருக்கிறது... (வெள்ளிச்சந்தை)

ப: எடுத்த இடத்திலேயே கொட்டிவிடுங்கள். அந்த மணலில் இல்மனைட், கார்னெட், சிர்க்கானோடு மோனசைட்டும் கலந்திருக்கிறது. மோனசைட்டில் தோரியம் உண்டு. அணுசக்தி தொடர்பான சட்டத்தின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்ட பொருள் அது. ஒரு சிட்டிகையால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் பக்கெட் பக்கெட்டாகப் படுக்கையறையில் வைக்கும் சாமான் இல்லை. சாதாரணக் கடல் மணலும் வேண்டாம். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துப் பசையை விடவைக்கும். வீடு கட்டும் இடத்தில் கேட்டால் எம்-சாண்ட் ஒரு கை தருவார்கள், டீ வடிகட்டியில் சலித்து ஃபெவிக்காலில் ஒட்டுங்கள். புல்லுக்குத் தேங்காய் நாரைப் பொடியாக நறுக்கிப் பச்சைச் சாயம் ஏற்றினால் போதும். நம் ஊரில் இதற்கெல்லாம் வெளிநாட்டுப் பாக்கெட் வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

கே: நாகர்கோவில் கடையொன்றில் வாங்கிய பெட்டியில், பொம்மைத் துண்டுகள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டம் இரண்டு குறைகிறது. பில் இல்லை என்பதால் மாற்றித் தர மறுக்கிறார். அவர்தான் "பில் போட்டால் ஜிஎஸ்டி சேரும்" என்று சொல்லி, பில்லே தராமல் விட்டவர். கடைச் சுவரில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற அட்டையும் தொங்குகிறது. (கோட்டாறு)

ப: இதற்கு நீண்ட பதில் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018-இல் வெளியூர்க் கடையொன்றில் 24 உலோகக் குதிரை வீரர்கள் வாங்கினேன், 5,200 ரூபாய். "பில்லு வேணுமா அண்ணே? பில்லுன்னா வெல கூடும்" என்றார். எழுநூறு ரூபாய் மிச்சம் என்று நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் ஒன்பது குதிரைகளுக்குக் கால் இல்லை. உடைந்த துண்டுகூட உள்ளே இல்லை, வார்ப்பிலேயே குறை. திரும்பப் போனபோது, "இது எங்க கடையில வாங்குனதுதான்னு என்ன சாட்சி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் குதிரைகள் இன்றும் அலமாரியில் கிடக்கின்றன. அன்றிலிருந்து ஐந்து ரூபாய் பேனாவுக்கும் பில் கேட்டு வாங்குகிறேன்.

பெட்டியில் அச்சிட்ட எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்கு மேல் "பில்லுக்கு வரி" என்று ஒரு ரூபாய் கேட்பதும் சட்டவிரோதம். பில் கொடுக்காமல் விற்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. பில்லில் காலம் எதுவும் சொல்லவில்லையென்றால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. சுவரில் என்ன அட்டை தொங்கினாலும் அது சட்டத்துக்கு மேல் போகாது. இறக்குமதிப் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுப் பொருள், எம்ஆர்பி ஆகியவை கட்டாயம் அச்சாகியிருக்க வேண்டும். அந்த ஸ்டிக்கர் இல்லாத பெட்டியைக் கையில் எடுக்காதீர்கள், பிறகு யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

பில்லைத் தராமல் வைத்துக்கொண்டு, பிறகு பில் இல்லை என்று விரட்டுவது பச்சை அநியாயம். இதைப் பல கடைகளில் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.

உங்களிடம் யுபிஐயில் பணம் போன பதிவு இருக்கிறதா? இருந்தால் அதுவே சாட்சி. கடைக்காரருக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அசையவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நாகர்கோவிலிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம், இரண்டு வருடத்துக்குள் போனால் போதும். இரண்டு பிளாஸ்டிக் சட்டத்துக்காகவா என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கொடுத்த பணம் முழுப் பெட்டிக்கு.

கே: ஆன்லைனில் 50 வீரர்கள் கொண்ட படை 900 ரூபாய்க்குக் கிடைத்தது. பணம் கட்டியதும் மெயிலில் ஒரு ஃபைல்தான் வந்தது. ஏமாற்றிவிட்டார்கள். வழக்குப் போடலாமா? (குலசேகரம்)

ப: நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விலைக்கு நேர் கீழே "எஸ்டிஎல் ஃபைல் மட்டும், பொருள் அனுப்பப்படாது" என்று எழுதியிருக்கிறது. எஸ்டிஎல் என்பது 3டி பிரின்டருக்கான வடிவக் கோப்பு. யாரும் ஏமாற்றவில்லை, நீங்கள் படிக்கவில்லை. ஒரு வரி படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள் என்று இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதுவது? குழுவில் ரெசின் பிரின்டர் வைத்திருப்பவரிடம் ஃபைலைக் கொடுத்து, ரெசின் செலவைக் கொடுத்து அச்சடித்துக்கொள்ளுங்கள். புற ஊதா ஒளியில் இறுகாத ரெசினை வெறுங்கையால் தொடாதீர்கள்.

கே: அசல் போலவே பாதி விலையில் ரெசின் நகல் கிடைக்கிறது. வாங்கலாமா? (களியக்காவிளை)

ப: கூடாது. செதுக்கினவன் உழைப்பைத் திருடிய பொருள்.

கே: ஆடி மாதம் ஸ்ப்ரே வார்னிஷ் அடித்தேன். எல்லா வீரர்களும் மாவு பூசினது போல வெளுத்துவிட்டார்கள். டப்பா போலியா? (குழித்துறை)

ப: டப்பாவில் பிழை இல்லை, காற்றில் ஈரம். ஸ்ப்ரேயிலுள்ள கரைப்பான் சட்டென ஆவியாகும்போது பொம்மையின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்ளும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. அதனால் ஸ்ப்ரே அடிக்க வாய்த்த நாட்கள் குறைவு. எனக்கும் இருபது வீரர்கள் இப்படிப் போனார்கள். நன்கு வெயில் காய்ந்த நாளில் மெல்லிதாக மறுபடி ஒரு கை அடித்துப் பாருங்கள், சில நேரம் தெளியும். மழைக்காலத்தில் தூரிகையால் பூசும் வார்னிஷும் பிரைமரும் வாங்குங்கள். தெர்மக்கோலில் செய்த மலை, சுவர்மேல் எந்தக் காலத்திலும் ஸ்ப்ரே நேரடியாக வேண்டாம், கரைந்து குழி விழும். முதலில் ஃபெவிக்கால் பூசிக் காயவிடுங்கள்.

கே: இங்கிலாந்திலுள்ள மாமாவை "பரிசு" என்று எழுதிப் பார்சல் அனுப்பச் சொன்னால் சுங்க வரி இருக்காதுதானே? (கன்னியாகுமரி)

ப: இருக்கும். பரிசுக்கான சலுகை 2019 டிசம்பரிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. மாமா ஊருக்கு வரும்போது பெட்டியில் கொண்டுவரச் சொல்லுங்கள். ஸ்ப்ரே டப்பா மட்டும் கேட்காதீர்கள், தீப்பற்றும் பெயின்ட் ஸ்ப்ரேயை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.

கே: ஆகஸ்ட் 10 அன்று எங்கள் மாணவர்களை வைத்து குளச்சல் போரை மேசையில் ஆட ஆசை. எந்தப் பெட்டி வாங்குவது? செலவு கையைக் கடிக்காமல் இருக்கவேண்டும். (ஓர் ஆசிரியர், குளச்சல்)

ப: இந்த வாரத்தில் என்னை மகிழ்வித்த கடிதம் இது. 1741-இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை உங்கள் ஊர்க் கரையிலேயே தோற்கடித்த போருக்கு ஆயத்தப் பெட்டி தேடாதீர்கள். டச்சுப் பக்கத்துக்கு, முக்கோணத் தொப்பி வைத்த 18-ஆம் நூற்றாண்டு நடுப்பகுதி ஐரோப்பியக் காலாட்படை எதுவும் பொருந்தும். 1:72 அளவிலுள்ள (நிஜ ஆளில் 72-இல் ஒரு பங்கு) மிருதுவான பிளாஸ்டிக் வீரர்களை வாங்கினால் ஒரு பெட்டியிலேயே நிறையப் பேர் கிடைப்பார்கள். திருவிதாங்கூர்ப் பக்கத்துக்கு, வாளும் கேடயமும் துப்பாக்கியும் ஏந்திய நாயர் வீரர்களை மாணவர்களே வரைந்து, வெட்டி, கெட்டி அட்டையில் ஒட்டி நிறுத்தட்டும். செலவு தாள், பசை, வண்ணம் மட்டுமே. துடுப்புகளைத் துப்பாக்கி போலத் தோளில் சாய்த்து நின்று எதிரியை மிரட்டியதாகச் சொல்லப்படும் மீனவர்களையும் மறக்காமல் வரையச் சொல்லுங்கள். கதைதான் என்றாலும், பகடையில் அதற்கொரு விதி எழுதுவதில் பிள்ளைகளுக்கு உற்சாகம் வரும்.

வாங்கும் முன் பிள்ளைகளோடு இரண்டு இடம் போய் வாருங்கள். ஒன்று புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை. போரில் டச்சுப் பக்கத்தில் நின்று சரணடைந்து, பிறகு திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றுவித்து, 1777-இல் இறந்த டி லனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. இன்னொன்று பத்மநாபபுரம் அரண்மனை. காட்சிக்கு வைத்திருக்கும் பழைய ஆயுதங்களின் நீளத்தையும் வளைவையும் பார்த்து வரைந்துகொண்டால் அட்டை வீரர்கள் கையில் வாள் சரியாக அமையும். திங்கட்கிழமை அரண்மனை மூடியிருக்கும், செவ்வாய் போங்கள்.